அடுத்த ரிலீஸில் வந்துவிடும்

ஜனவரி 9

அன்புள்ள மூக்கனுக்கு,

நான் சௌக்கியம், கழுத்தைத் தவிர. அது தன் பாட்டுக்கு ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. அப்பா பார்த்துவிட்டு, "யாரையோ எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கே" என்கிறார். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் இல்லை. உன் கால் வலி எப்படி இருக்கிறது? வார்டில் நின்றுகொண்டே இருக்காதே. கிடைக்கிற நேரத்தில் உட்கார்.

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சுகிறது. நீ கூப்பிடும்போது நான் மீட்டிங்கில் இருக்கிறேன், நான் கூப்பிடும்போது நீ யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாய். அதனால் இனிமேல் மெயிலில் கடிதமாகவே எழுதிக்கொள்வோம். உன் சம்மதத்தைக் கேட்கவில்லை. அக்கா என்ற முறையில் உத்தரவு.

ஒரு விஷயம். உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும்போது ஒரு கருவியைக் கையில் வைத்திருக்கிறீர்களே, அதில் ஓடுவது எங்கள் கம்பெனி மென்பொருள்தான் என்று உனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிய வசதிகளைச் சேர்த்து ரிலீஸ் செய்கிறோம். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று திட்டம் போடுகிற வேலை இந்த வருடத்திலிருந்து என் தலையில். அடுத்த வாரம் திட்டமிடும் நாள். வாடிக்கையாளர் கருத்து என்று என்னிடம் ஒரு மூட்டையே இருக்கிறது. எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுதியவை. வார்டில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களில் எனக்குத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். உன்னை ரொம்பப் படுத்துகிற விஷயம் ஒன்றே ஒன்று சொல். பத்து சொன்னால் ஒன்றையும் செய்ய மாட்டேன்.

பதிலை எதிர்பார்த்து,
அக்கா


ஜனவரி 13

அக்காவுக்கு மூக்கன் எழுதுவது.

உத்தரவு கிடைத்தது. நான் நலம். கால்கள் இரண்டும் என்னோடு பேசுவதில்லை, மற்றபடி குறையில்லை. அப்பாவை மத்தியானத்தில் தூங்க வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லி வை.

உங்கள் கருவியை நாங்கள் சிலேட்டு என்று கூப்பிடுகிறோம். டேப்லெட் என்று சொன்னால் நோயாளிகள் மாத்திரை என்று நினைத்து வாயைத் திறக்கிறார்கள். பொய் இல்லை, நேற்றுகூட ஒருவர் திறந்தார்.

ஒன்றே ஒன்று என்றாயே, இதுதான். கீழே அவசரப் பிரிவில் ஒருவருக்கு வலி ஊசி போடுகிறார்கள். போட்டாயிற்று என்று அங்கே சிலேட்டில் குறித்தும் விடுகிறார்கள். அப்புறம் அவரை மேலே எங்கள் வார்டுக்கு மாற்றுகிறார்கள். ஆனால் கீழே அவருடைய கணக்கை மூடும்வரை அந்தக் குறிப்பு எங்கள் சிலேட்டில் வருவதில்லை. மாறாக, ஊசி போடும் நேரம் தாண்டிவிட்டது என்று சிவப்பில் மின்னுகிறது. அதை நம்பிப் போட்டால் இரண்டாவது ஊசி. அதனால் ஒவ்வொரு தடவையும் கீழே போன் செய்து, "போட்டாச்சா?" என்று கேட்கிறோம். எடுத்தால் உண்டு. எடுக்காவிட்டால் ஓட வேண்டும். போன மாதம் எங்கள் தலைமை நர்ஸே மாடிப்படியில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

கீழே கடைசியாகப் போட்டதை எங்களுக்கும் காட்டச் சொல். அவ்வளவுதான். அழகாகக்கூட இருக்க வேண்டாம்.

கழுத்துக்கு ஒத்தடம் கொடு. கம்ப்யூட்டரைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி வை.

மூக்கன்


ஜனவரி 20

மூக்கா,

எல்லோரும் நலம். உன் வேலையைச் சேர்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

திட்டமிடும் நாள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதே. பெரிய கூடம், ஜன்னல் இல்லாத ஒரு சுவர். அதில் கலர் காகிதங்களை ஒட்டுவோம், ஒரு காகிதம் ஒரு வேலை. இரண்டு வாரம் ஒரு கட்டம். ஆறு கட்டம் முடிந்தால் ஒரு ரிலீஸ். ஒவ்வொரு வேலையையும் புரோகிராமர்கள் எடை போடுவார்கள். இது பூனை, இது மாடு, இது யானை என்று. ஒரு கட்டத்தில் எவ்வளவு தூக்க முடியும் என்பது முந்தைய ரிலீஸைப் பார்த்தால் தெரியும். அதற்கு மேல் ஒட்டினால் சுவர் தாங்கும், ஆட்கள் தாங்க மாட்டார்கள். தேதியும் மாறாது, ஆட்களும் கூட மாட்டார்கள். நெருக்கடி வந்தால் காகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் மொத்த சூட்சுமம்.

உன்னுடையதை மூத்த புரோகிராமர் யானை என்றார். "ரெண்டு வார்டு கணக்கையும் பிரிச்சு வெச்சதே நாமதான். இப்ப அதைக் கலைக்கச் சொல்றீங்க" என்று அலுத்துக்கொண்டார். நான் விடவில்லை. "மாடிப்படியில ஒரு தலைமை நர்ஸ் ஓடறாங்க சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி. நான்காம் கட்டத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். ஏப்ரல் ரிலீஸில் வந்துவிடும்.

ஒத்தடம் கொடுத்தேன். கழுத்து இப்போது நேராகப் பார்க்கிறது.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

அங்கே எல்லோரும் சுகம்தானே? எனக்கு ஜலதோஷம் வந்து போயிற்று. வார்டில் யாருக்கு வந்தாலும் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஏப்ரலில் வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? என் அக்காதான் செய்யச் சொன்னாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை. டீயை யாராவது கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். தலைமை நர்ஸ் மட்டும், "வரட்டும், வந்ததும் கும்பிடறேன்" என்றார். அவர் அப்படித்தான்.

ஆள் குறைந்துவிட்டது. இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், புதிதாக யாரையும் எடுக்கவில்லை. சில நாள் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்ததையும் சேர்த்துப் பார்க்கிறேன். இதை அப்பாவிடம் சொல்லாதே.

மூக்கன்


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

நீண்ட நாளாக எழுத முடியவில்லை. உடம்பு பரவாயில்லையா? இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்காதே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றினோம். புதுக் கண்ணாடியில் வீடு முழுக்கத் தூசி தெரிகிறதாம். காலையிலிருந்து ஒரு துணியோடு சுற்றிக்கொண்டிருக்கிறார். நம் தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பஸ் நிற்கும் இடம் மாறிவிட்டது, தினமும் கூடுதலாக நடக்கிறேன். கழுத்து மறுபடியும் திரும்பிக்கொண்டது, இந்தத் தடவை மறு பக்கம். அலுவலகத்தில் ஏசி பழுது. பாதிப் பேர் விசிறியோடு வருகிறார்கள்.

திட்டத்தில் கொஞ்சம் மாற்றம். பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்று எங்களிடம் சேர்கிறது. அவர்கள் கேட்டதைச் சேர்க்க வேண்டியிருப்பதால் சில வேலைகள் அடுத்த ரிலீஸுக்குப் போகலாம். விவரம் பிறகு எழுதுகிறேன்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் குடி.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். அப்பாவின் தூசி வேட்டை முடிந்ததா?

நேற்று புது ரிலீஸ் வந்தது. சிலேட்டைத் திறந்ததும் முதல் பக்கத்தில் வட்டமாக ஒரு கலர் படம். எந்த வார்டில் எத்தனை மருந்து செலவாகிறது என்று காட்டுகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. நாங்கள் கேட்டது எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடினோம். தலைமை நர்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. அது அவருடைய பெருந்தன்மை.

நான் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறேனோ?

மூக்கன்


மே 2

அன்புள்ள தம்பி,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நான் இருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ சரியாகத்தான் பார்த்தாய். அந்தக் குழுமத்தின் தொடக்க விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அந்தக் கலர் படம் அவர்களுக்கு வேண்டுமாம். அதற்கு இடம் விட எதையாவது எடுக்க வேண்டியிருந்தது. அது என் கையில் இல்லை.

ஜூலை ரிலீஸுக்குத் திட்டம் போட்டாயிற்று. உன் காகிதம் சுவரில் இருக்கிறது. அடுத்த ரிலீஸில் வந்துவிடும். அதுவரை போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா உன்னைக் கேட்டார். முடிந்தபோது அவருக்கு ஒரு போன் செய்.

அக்கா


ஜூன் 3

அக்கா,

அங்கே எல்லோரும் நலமா? அப்பாவோடு பேசினேன். ரொம்ப நேரம் பேச முடியவில்லை.

சில நாட்களாக வீட்டில்தான் இருக்கிறேன். லீவு நிறையச் சேர்ந்துவிட்டது, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நன்றாகத் தூங்குகிறேன். அறையைச் சுத்தம் செய்தேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு தையல் கடை இருக்கிறது. இத்தனை வருடத்தில் இப்போதுதான் அதைப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு சம்பவம். இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு தச்சருக்கு வலி ஊசி இரண்டாவது தடவை போட்டுவிட்டார்கள். கீழே போட்டது தெரியாமல் மேலேயும். மூச்சு இறங்கிவிட்டது. தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய் இழுத்துப் பிடித்தார்கள். பிழைத்துவிட்டார். ஊசி போட்ட நர்ஸ் மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள்.

சிவப்பில் மின்னியதை அந்தச் சிலேட்டு ஞாபகம் வைத்திருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

மூக்கன்


ஜூன் 4

தம்பிக்கு,

அந்தச் சம்பவம் பற்றி மெயிலில் எதுவும் எழுத வேண்டாம். கம்பெனி விதிப்படி நான் இதைப் பற்றிப் பேசக் கூடாது. அப்பா நலம்.

அக்கா


ஜூன் 26

மூக்கா,

நீ எழுதமாட்டாய் என்று தெரியும். நானாக இருந்தாலும் எழுத மாட்டேன். நீ நலமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்கு ஓர் அறிக்கை வந்தது. பெயர் இல்லை. மூன்றாம் மாடி, ஆண் நர்ஸ் என்று மட்டும் இருந்தது. அந்த மாடியில் ஆண் நர்ஸ் நீ ஒருவன்தானே. அது வந்தது நீ எழுதுவதற்கு முந்தைய நாள். தெரிந்துகொண்டேதான் உனக்கு அந்த இரண்டு வரியை எழுதினேன். பயம். வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

என் கையில் இல்லை என்று மே மாதம் எழுதினேன். என் கையில்தான் இருந்தது. எதை எடுக்கலாம் என்று மேனேஜர் கேட்டபோது சுவரின் முன்னால் நான்தான் நின்றேன். உன் காகிதத்தைக் காட்டி, "இதுல யாராவது செத்தாங்களா?" என்றார். "இல்ல சார்" என்றேன். "போன் பண்ணிக் கேட்டுக்கறாங்கல்ல?" "ஆமா சார்." "அப்ப ஓடுதுல்ல?" நான் அதை உரித்து எடுத்தேன். ஜூலைத் திட்டத்திலும் சுவரில் இருக்கிறது என்று எழுதினேனே, அதுவும் முழு நிஜம் இல்லை. கடைசிக் கட்டத்தில், நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்ற வரிசையில் இருந்தது. எங்களுக்கு நேரம் மிஞ்சியதாகச் சரித்திரமே இல்லை.

நேற்று விசாரணைக் கூட்டத்தில் நாங்கள் திரையில் வந்தோமே, அப்போது நீ மேசைக்குக் கடைசியில் உட்கார்ந்திருந்தாய். தாடி விட்டிருக்கிறாய். உன்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். நீ நாற்காலியைச் சத்தம் வராமல் தள்ளி வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

விசாரணைத் தலைவரான அந்த டாக்டர் அம்மா, "இந்தக் குறை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"வேற பிரிவிலேர்ந்து வர்ற நோயாளின்னா போன்ல கேட்டு உறுதி பண்ணிக்கணும்னு எங்க கையேட்டுலயே இருக்கு டாக்டர்" என்றார் மேனேஜர்.

"நான் அதைக் கேக்கல. தெரியுமா, தெரியாதா?"

மேனேஜர் மைக்கைக் கிட்டே இழுத்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், காலையில்தான் எல்லோரும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தோம். "தெரியும் டாக்டர்" என்று என் குரல்தான் கேட்டது. "ஜனவரியிலயே சொன்னாங்க. ஏப்ரல்ல வர வேண்டியது. நான்தான் எடுத்தேன். ஜூலையிலயும் கடைசியில தள்ளி வெச்சிருக்கேன்."

"யார் சொன்னது?"

"இப்ப வெளியில போனாரே, அவர்தான். என் தம்பி."

மேனேஜர் மைக்கை அணைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

இன்று காலை, உன்னுடைய அந்த வேலையைத் தனியாக, உடனே ரிலீஸ் செய்ய உத்தரவு வந்திருக்கிறது. மூத்த புரோகிராமரும் இன்னொருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரம் முடிவதற்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள். யானை என்றார்களே, மூக்கா. வாரம் முடிவதற்குள்ளாம்.

திட்டம் போடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி கையேடு எழுதும் பிரிவு. அது எனக்கு வேண்டியதுதான்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. நீ ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தாடியை எடுத்துவிட்டேன். அரிக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வரலாம். தலைமை நர்ஸ் வீட்டுக்கே வந்து சொன்னார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "உங்க அக்கா பேசினப்ப நான் அங்கதான் இருந்தேன்" என்றார்.

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. ரிலீஸ் விஷயத்தில் இல்லை. அந்த இரண்டு வரிக் கடிதம் இருக்கிறதே, அதன் மேல். அதை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசாரணையில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்குக் கீழே போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. சிலேட்டில் சிவப்பு, கட்டிலில் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறார். எங்கள் விதி என்ன? எடுக்காவிட்டால் ஓட வேண்டும். எனக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். நான் ஓடவில்லை அக்கா. கால் வலித்தது. சிவப்பு மின்னுகிறதே, அப்புறம் என்ன என்று நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

நீ பழியை முழுக்க உன் பக்கம் இழுத்துக்கொண்டதால் எனக்கு இது தொண்டையிலேயே நின்றுவிட்டது. பாதியை எனக்கு விடு.

முந்தாநாள் அந்தத் தச்சரின் வீட்டுக்குப் போனேன். போகக் கூடாது என்பார்கள், போனேன். வாசலில் இழைப்புளியும் மரத்தூளுமாக மகன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவர் உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் யார், என்ன செய்தேன் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி சமையலறை வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. தச்சர் என் மூஞ்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீதானா அது? விழுந்த நேரத்துலேர்ந்து எல்லாரும் என் காகிதத்தைத்தான் பாத்தாங்க தம்பி. நீதான் மூஞ்சியைப் பாத்த. 'ரொம்ப வலிக்குதா'ன்னு கேட்ட. அது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எதுவும் ஞாபகம் இல்ல."

அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. தெருமுனை வரை வந்து, ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். கால் வலியால் இல்லை.

நீ ஒரு தடவை இங்கே வா. எப்போது வருவாய் என்று தேதி எழுதி அனுப்பாதே. உன் தேதிகள் எனக்கு அலுத்துவிட்டன. வந்துவிடு.

மூக்கன்


ஜூலை 20

மூக்கா,

ரயிலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவும் கூட வருகிறார். ஜன்னல் பக்கம் எனக்குத்தான் என்று சண்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். மகனுக்கு லீவு, அதனால் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வண்டி ஏறுமுன் சொல்லலாம் என்றிருந்தேன், கூட்டமாக இருந்தது. வண்டி கிளம்பியதும் சொல்லலாம் என்று நினைத்தேன், சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அடுத்த நிலையம் தாண்டட்டும், சொல்லிவிடுகிறேன்.

இதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

வேண்டாம். மெயிலை அனுப்பிவிட்டு இப்போதே சொல்கிறேன்.

அக்கா